பிளிக்கர்ஸ் அட்டையும் ஒரு போனும்: வடசென்னை வகுப்பறையில் நீண்டகாலப் பயன்பாடு

பிள்ளைகள் கையில் எந்தக் கருவியும் வேண்டாம். ஆசிரியரின் ஒரே போனில் வகுப்பு முழுவதின் விடையையும் பார்த்துவிடலாம். அதற்கு உதவுவது பிளிக்கர்ஸ் என்ற செயலி. ஆளுக்கொரு கறுப்பு வெள்ளைக் கட்ட அட்டை. ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் எது மேலே வரும்படி பிடிக்கிறார்களோ அதுவே விடை; போன் கேமரா அதைப் படித்துக்கொள்ளும். அட்டைக்கு அட்டை கட்டம் மாறுவதால் பக்கத்தில் எட்டிப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. பிள்ளைக்கொரு டேப்லெட் வாங்கிச் சார்ஜ் போட வழியில்லாத தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இது தோதானது.

அச்சில் கவனம் வேண்டும். பளபளக்கும் லேமினேஷன் போட்டால் டியூப்லைட் பட்டு மின்னும், கேமரா படிக்காது. மேட் லேமினேஷனே சரி. கடலோர ஈரக்காற்றில் ஓரம் பிரிந்துகொண்டே வரும். வெட்டும்போது தாளைச் சுற்றி 3, 4 மில்லிமீட்டர் பிலிம் விட்டு வெட்டினால் கூடுதல் நாள் தாங்கும். கறுப்புக் கட்டத்தின் மேல் விரல் பட்டால் அந்த அட்டை பதிவாகாது. பிள்ளைகளுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தாலும் அதே கதைதான். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று ஸ்கேன் செய்யுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் வளர்த்தெடுத்த ‘பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ முறைதான் இந்த அட்டைக்குச் சரியான துணை. ஒரு கேள்வி, தனியாக ஒரு விடை, பக்கத்துப் பிள்ளையோடு பேச்சு, மறுபடி விடை. சரியான விடை சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பேசவிடலாம். அதற்குக் கீழே போனால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும்.

மிதத்தல் பாடத்துக்கு இங்கே நன்றாக வேலை செய்யும் கேள்வி: புழல் ஏரியில் மிதக்கும் படகை அதே பாரத்தோடு காசிமேட்டுக் கடலில் இறக்கினால் என்னாகும்? கடல் ஆழம், அதனால் படகு இன்னும் அமிழும் என்று பலர் சொல்வார்கள். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோ, நன்னீருக்கு 1000. ஆகவே படகு கொஞ்சம் மேலே எழும்பும்.

முதல் சுற்று முடிந்ததும், எந்த விடைக்கு எத்தனை பேர் என்று செயலி தரும் பட்டை வரைபடத்தைத் திரையில் காட்டவே கூடாது. உயர்ந்த பட்டை எதுவோ அதற்கு வகுப்பே சாய்ந்துவிடும்; இரண்டாம் சுற்றில் எண்ணிக்கை அழகாக ஏறும், புரிதல் ஏறாது.

கற்றல் நடக்கும் இடம் நோட்டு. முதல் விடை, இரண்டாம் விடை, எது மாற்றியது என மூன்று வரி. ‘பக்கத்துல சொன்னான்’ என்று இருந்தால் விடை மாறியிருக்கிறது, யோசனை மாறவில்லை. ‘உப்புத் தண்ணி கனம், படகு கொஞ்சம் தண்ணியைத் தள்ளினாலே போதும்’ என்று எழுதிய பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இந்த வரி இல்லாவிட்டால் அட்டை வெறும் விளையாட்டுச் சாமான்.

உண்மையிலேயே புரிந்ததா என்று சோதிக்க மூன்றாம் சுற்றில் வேறொரு கேள்வி வேண்டும், பேச்சில்லாமல்: சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல் ஹூக்ளி ஆற்று நன்னீருக்குள் நுழைந்தால் ஏறுமா, அமிழுமா? கருத்து ஒன்று, உடை வேறு. 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு இப்படித்தான் அளந்தது. குழுவில் ஒருவருக்கும் விடை தெரியாதபோதும் பேச்சு உதவுகிறது என்று அதில் தெரிந்தது. பள்ளியில் கருவியை ஆராய நினைப்பவர்கள் இந்த மூன்றாம் சுற்றின் விடைகளைத்தான் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

எழுதத் தயங்கும் பிள்ளைகளுக்குப் போனில் குரல்பதிவு. ஒரு நிமிடம் போதும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கட்டும். மின்விசிறிக்கு அடியில் வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரப் பள்ளி என்றால் கண்டெய்னர் லாரிச் சத்தம் எட்டாத உள்பக்க அறைதான். குரலை எழுத்தாக்கும் வசதியை நம்பிவிடாதீர்கள். ‘இன்னா’, ‘அப்பால’ என்று பேசும் பிள்ளையின் பேச்சைத் தாறுமாறாக எழுதிவைக்கும். காதால் கேட்டே குறிப்பெடுங்கள். கோப்பில் பிள்ளையின் பெயர் வேண்டாம், தேதியும் அட்டை எண்ணும் போதும். பெற்றோரின் சம்மதத்தை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.