ஃபிரேசல் வெர்பும் லாங்மன் அகராதியும்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

பெங்களூருக்கு ஐடி வேலைக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகளைப் பெரிய ஆங்கிலச் சொற்கள் தடுத்து நான் பார்த்ததில்லை. இம்ப்ளிமென்டேஷன், டிப்ளாய்மென்ட் எல்லாம் சரளமாக வரும். தடுமாற வைப்பவை கெட், புட், டேக், ஹோல்ட் போன்ற குட்டி வினைகளும், அவற்றின் பின்னால் வரும் அப், ஆஃப், அவுட், ஆன் ஆகியவையும்தான். இந்தக் கூட்டுக்குத்தான் ஃபிரேசல் வெர்ப் என்று பெயர். வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய சிரமம் இங்கேதான் என்று 1755-இலேயே சாமுவேல் ஜான்சன் தன் அகராதியின் முன்னுரையில் எழுதிவிட்டார். எனவே இதில் திணறும் யாரும் தன்னை மட்டம் தட்டிக்கொள்ள வேண்டாம்.

இதற்கு நான் பல வருடமாக நம்பியிருப்பது ‘லாங்மன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்பரரி இங்கிலீஷ்’. 1978-இல் முதல் பதிப்பு வந்தது. சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி ஒன்று வீட்டில் இருக்கிறது. அலுவலகத்திலும் மெட்ரோவிலும் அவர்களுடைய இலவச இணையதளம். சுமார் 2,000 எளிய சொற்களை வைத்தே எல்லா விளக்கங்களையும் எழுதியிருப்பதால், ஒரு சொல்லைப் பார்க்கப் போய் இன்னொரு சொல்லைத் தேடும் அலைச்சல் குறைவு.

ஆனால் நான் இதை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் விளக்கங்கள் இல்லை, ஒரு சின்னக் குறி. ‘புட்’ என்ற வினையின் கீழே போனால், தள்ளிப்போடுவது என்ற அர்த்தத்துக்கு ‘புட் சம்திங் ↔ ஆஃப்’ என்று இருக்கும். நடுவில் இரண்டு பக்கமும் முனை உள்ள அம்பு. செயப்படுபொருளை ஆஃப்புக்கு முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம் என்று அர்த்தம். ‘புட் ஆஃப் த மீட்டிங்’ சரி, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ என்பதும் சரி. மீட்டிங் என்பதற்குப் பதில் இட் வந்தால் மட்டும் ‘புட் இட் ஆஃப்’ ஒன்றுதான் சரி, ‘புட் ஆஃப் இட்’ கிடையாது. கவனித்துக்கொள்வது என்ற ‘லுக் ஆஃப்டர்’ பக்கம் போனால் அம்பு இருக்காது. அங்கே ஆஃப்டர் ஒரு முன்னிடைச்சொல் (ப்ரிபொசிஷன்), தனக்குரிய பெயரை முன்னே தாண்டிப் போக விடாது. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளியில் பக்கம் பக்கமாகப் பட்டியல் மனப்பாடம் செய்தோமே, அதில் இந்த ஒரு அம்பைக் காட்டியிருந்தால் பாதிச் சுமை இறங்கியிருக்கும்.

அர்த்தமே இதில் மாறும் என்பதற்கு ஒரு சம்பவம். லண்டன் வாடிக்கையாளருடன் கால். புது ரிலீஸ் வரப்போகிற நேரம், சர்வரில் கூட்டம் அதிகம். ‘இஸ் த சர்வர் ஹோல்டிங் அப்?’ என்று கேட்டார். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலித் தம்பி மைக்கை மியூட் செய்துவிட்டு, “அக்கா, சர்வரை யாருக்கா நிறுத்தி வச்சா? ஓடிக்கிட்டுதானே இருக்கு?” என்றான். அவர் கேட்டது சர்வர் தாக்குப்பிடிக்கிறதா என்று. கொஞ்ச நேரத்தில் அவரே ‘வாட்ஸ் ஹோல்டிங் அப் த ரிலீஸ்?’ என்றார். இப்போது அதே ஹோல்ட் அப்தான், ஆனால் ரிலீஸ் என்ற செயப்படுபொருள் வந்துவிட்டது. எது தாமதப்படுத்துகிறது என்பது கேள்வி. கால் முடிந்ததும் இருவரும் அகராதியைத் திறந்தோம். செயப்படுபொருள் இல்லாமல் வந்தால் தாக்குப்பிடிப்பது, அம்போடு வந்தால் தாமதப்படுத்துவது அல்லது தாங்கி நிறுத்துவது என்று பிரித்தே போட்டிருந்தார்கள். தம்பிக்கு அதற்குப் பிறகு ஹோல்ட் அப்பில் குழப்பமே வரவில்லை. அர்த்தத்தை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

தமிழில் நாம் செய்வதும் இதற்குப் பக்கத்து வேலைதான். எழுதிவிடு, எழுதிவை, எழுதிக்கொள், எழுதித்தள்ளு. நான்கும் ஒரே எழுத்து வேலை, நான்கும் வேறு. இதை யாரும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. விடு வந்தால் வேலை முடிகிறது, வை வந்தால் பின்னால் உதவும் என்று காதுக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் அந்தக் குட்டிச் சொற்களுக்குச் சில நிலையான போக்கு உண்டு. ஈட் அப், யூஸ் அப் இரண்டிலும் அப் வந்தால் மிச்சம் வைக்காமல் தீர்ப்பது. கேரி ஆன், கீப் ஆன் இரண்டிலும் ஆன் என்றால் தொடர்வது. எல்லா இடத்திலும் இது செல்லாது, ஆனாலும் காது பழக இதுதான் நல்ல வழி. லாங்மன் கைவிடும் இடமும் இதுவே. எல்லாம் வினையின் கீழேதான் வரும், அப் என்பதை வைத்து ஒருசேரப் பார்க்க வழியில்லை. அதற்கு 1989-இல் வந்த காலின்ஸ் கோபில்ட் ஃபிரேசல் வெர்ப் அகராதி மேல். அதன் கடைசியில் குட்டிச் சொற்களுக்கென்றே தனி அகரவரிசை இருக்கிறது.

பெங்களூரில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் அலுவலகத்தில் தமிழர் ‘ஃபேனை ஆஃப் பண்ணு’ என்பார், கன்னடர் ‘ஆஃப் மாடி’ என்பார், இந்திக்காரர் ‘ஆஃப் கரோ’ என்பார். மூன்று மொழியிலும் ‘டர்ன் ஆஃப்’ என்பதில் டர்ன் கழன்று விழுந்து ஆஃப் மட்டும் நிற்கிறது. பேச்சில் அது அழகாகவே இருக்கிறது, மாற்ற வேண்டியதில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் ‘ஆஃப் த ஃபேன்’ என்று மெயில் போகும்போதுதான் வெளிநாட்டவருக்குப் புரியாமல் போகிறது.

அப்புறம், லாகின், பேக்கப், செட்டப். பெயர்ச்சொல்லாக எழுதினால் ஒரே சொல், வினையாக எழுதினால் லாக் இன், பேக் அப், செட் அப் என்று இரண்டு சொல். எங்கள் டாக்குமென்ட்களில் அதிகமாகத் திருத்துவது இதைத்தான். சந்தேகம் வந்தால் இறந்தகாலத்தில் போட்டுப் பாருங்கள். ‘லாக்டு இன்’ என்றுதானே வரும்? அப்படியானால் நடுவே இடைவெளி வேண்டும். பேச்சிலும் வித்தியாசம் உண்டு: வினையானால் அழுத்தம் பொதுவாக அப் மேல் விழும், பெயரானால் முதல் பாதியில் விழும். நாம் எல்லாவற்றையும் சமமாக உச்சரிப்பதால் இதைக் கேட்டுத்தான் பழக வேண்டும். லாங்மன் இணையதளத்தில் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு ஒலிப்பதிவு இருக்கிறது. புத்தகத்துக்கு இந்த வசதி இல்லை.

சமாளிப்பதைக் கோப் அப் வித் என்று நம் ஊரில் எல்லோரும் எழுதுகிறோம். அகராதியில் தேடினால் கோப் வித் மட்டுமே கிடைக்கும். ‘பாஸ் அவுட்’ பற்றியும் ஒரு வார்த்தை: வெளிநாட்டு நிறுவனத்துக்கு ரெஸ்யூம் அனுப்புகிறவர்கள் கிராஜுவேட்டட் என்று எழுதிவிடுங்கள். அங்கே பெரும்பாலும் பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது.

லாங்மனை வாங்க வேண்டுமா என்று கேட்டால், அவசரத்துக்குத் தேட இணையதளமே போதும். ஆனால் கெட், டேக், புட் மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் புரட்டிப் பார்க்க அச்சுப் புத்தகம்தான் தோது. திரையில் தேடிய ஒன்றைத்தான் பார்ப்போம், தாளில் பக்கத்து வரியும் கண்ணில் படும். பழைய பதிப்பு கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். கெட் அப், கெட் ஓவர் எல்லாம் பத்து வருடத்தில் மாறிவிடுகிற சொற்கள் இல்லை.