5.6 மடங்கு வேகம் எங்கே போகிறது? பிஎஸ்4, பிஎஸ்4 புரோ, பிஎஸ்5 நீண்டகாலப் பயன்பாடு

விளம்பரத்தில் போடும் டெராஃப்ளாப் எண்ணை (கிராஃபிக்ஸ் சிப் நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்ற அளவு) நம்பி கேம் கன்சோல் வாங்கக்கூடாது. 2013இல் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) 1.84 டெராஃப்ளாப், 2020இல் வந்த பிஎஸ்5 10.28. வகுத்துப் பார்த்தால் 5.6 மடங்கு. ஆனால் 1080பி திரையில் இருப்பது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள், 4கேயில் 82.9 லட்சம். அதற்கே நான்கு மடங்கு சக்தி போய்விடும். அதோடு நொடிக்கு 30 ஃபிரேமை (படத்தை) 60 ஆக்க வேண்டுமென்றால் எட்டு மடங்கு வேண்டும், இருப்பதோ 5.6. பல கேம்களில் 'குவாலிட்டி' (கூர்மையான படம்), 'பெர்ஃபார்மன்ஸ்' (கூடுதல் ஃபிரேம்) என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான். வீட்டில் 32 அங்குல 1080பி டிவி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெர்ஃபார்மன்ஸில் போடுங்கள்.

இதில் பாவப்பட்டது பிஎஸ்4 புரோ. கிராஃபிக்ஸ் 4.2 டெராஃப்ளாபுக்கு ஏறியது, மற்ற கணக்குகளைப் பார்க்கும் மையச் சிப்பான சிபியூ பிஎஸ்4இல் இருந்த அதே ஜாகுவார் வகைதான், 1.6லிருந்து 2.1 கிகாஹெர்ட்ஸ், அவ்வளவே. படம் கூர்மையானது, ஆனால் பழைய 30 ஃபிரேம் கேம்கள் பெரும்பாலும் 30லேயே நின்றன. பிஎஸ்5இல் ஜென் 2 சிபியூ 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். தினசரி விளையாட்டில் கையில் உணரும் மாற்றம் இங்கிருந்தும் எஸ்எஸ்டியிலிருந்தும் (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பு) தான் வருகிறது. பிஎஸ்4இன் சுழலும் டிஸ்க் நொடிக்கு 50 முதல் 100 எம்பி படிக்கும். பிஎஸ்5இன் எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிபி.

பிஎஸ்4ஐ விற்க மனமில்லாதவர்கள் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி மாற்றலாம். முதல் மாடலில் இடதுபக்கப் பளபளப்பு மூடியை வெளிப்பக்கமாகத் தள்ளினால் கழன்றுவிடும். முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் பொறித்த ஒற்றைத் திருகைக் கழற்றி டிரேயை இழுங்கள். டிஸ்க்கைப் பிடித்திருப்பவை நான்கு சின்னத் திருகுகள். புது எஸ்எஸ்டியில் சிஸ்டத்தை ஏற்ற, யூஎஸ்பியில் PS4 என்ற ஃபோல்டர், அதற்குள் UPDATE ஃபோல்டர், அதில் சிஸ்டம் மென்பொருளின் முழு ஃபைல். சின்ன அப்டேட் ஃபைலைப் போட்டால் ஏற்காது, பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பவர் பட்டனை இரண்டாவது பீப் வரை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் என்ற பழுதுபார்க்கும் மெனு வரும், அங்கிருந்து ஏற்றுங்கள். லோடிங் நேரம் குறையும், ஆனால் பிஎஸ்5 மாதிரி ஆகாது. கேமைத் தயார்செய்யும் மற்ற வேலைகள் அதே பழைய சிபியூவின் தலையில்தான்.

இனி நம் ஊர்ச் சங்கதி. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் தகரக் கூரை வீட்டில் மதியம் உள்ளறையே 33, 34 டிகிரி. பிஎஸ்5க்கு நிறுவனம் சொல்லும் உச்சம் 35. எனவே டிவி அலமாரிக்குள் சொருகாதீர்கள். பக்கத் தகட்டைக் கழற்றினால் ஃபேன் ஓரமாக இரண்டு தூசித் துளைகள் தெரியும், வேக்யூமை அங்கே வையுங்கள். பிஎஸ்4 விமானம் மாதிரி இரைந்தால் பெரும்பாலும் சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பிஎஸ்5இல் அந்த இடத்தில் இருப்பது திரவ உலோகம். அதைப் பிரித்துக் கைவைக்க வேண்டாம், சிந்தினால் போர்டு ஷார்ட். கரப்பான் பூச்சிக்கு பிஎஸ்4இன் பவர் சப்ளை ஐந்து நட்சத்திர ஓட்டல், முழுதாக அணைக்காமல் ரெஸ்ட் மோடில் விட்டால் இளஞ்சூடு வேறு.

சாயங்கால இடிக்கு சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கோடு லேன் கேபிளையும் எச்டிஎம்ஐயையும் பிடுங்குங்கள். டிஷ் கேபிள் வழியாக வரும் மின்னல் டிகோடர், டிவி என்று ஏறி எச்டிஎம்ஐ வழியே கன்சோலுக்கும் வரும். கரண்ட் திடீரென்று போய், அதன்பிறகு கேம் தடுமாறினால் சேஃப் மோடில் டேட்டாபேஸை ரீபில்ட் செய்யுங்கள்.

மின்கட்டணம்: கனமான கேமில் பிஎஸ்5 சுமார் 200 வாட், ஐந்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். பிஎஸ்4 ஸ்லிம் அதில் பாதிகூட இழுக்காது.

30 எம்பிபிஎஸ் லைனில் 100 ஜிபி கேம் இறங்க ஏழரை மணி நேரம். முதல் பிஎஸ்5 மாடலின் 825 ஜிபி சேமிப்பில் உங்கள் கைக்கு வருவது 667தான். யூஎஸ்பி டிஸ்க்கில் பிஎஸ்5 கேமை வைத்திருக்கலாம், அங்கிருந்து ஆட முடியாது; ஆனாலும் திரும்பக் காப்பி செய்வது டவுன்லோடைவிட எவ்வளவோ மேல். டிஸ்க் டிரைவ் உள்ள மாடலையே வாங்குங்கள். முடித்த கேமை விற்கவும் செய்யலாம்.