ஃபயர்பாக்ஸா, க்ரோமா: பக்கம் சொதப்பினால் எதைத் திறப்பது?

இணையப் பக்கம் செய்யும் நான் தினமும் புழங்குவது க்ரோம்தான். ஆனாலும் பக்கத்தில் ஒரு பெட்டி இடம் மாறி நின்றால் என் கை ஃபயர்பாக்ஸின் டெவலப்பர் டூல்ஸுக்குத்தான் (பக்கத்தின் உட்புறத்தைத் திறந்து காட்டும் கருவிகள்) போகும்.

சி.எஸ்.எஸ்.ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) எழுத்துப்பிழை ஒரு பிரச்சினையே இல்லை, இரண்டுமே அந்த வரியை அடித்துவிட்டு மஞ்சள் முக்கோணம் போட்டுவிடும். வரி சரியாக இருந்தும் பலிக்காமல் போவதுதான் தலைவலி. எது எதன் மேல் நிற்கும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸுக்கு 999 கொடுத்தும் மெனு படத்துக்குப் பின்னாலேயே ஒளிந்து நிற்கும், நாமும் சளைக்காமல் இன்னொரு 9 சேர்ப்போம். 2019இல் வந்த ஃபயர்பாக்ஸ் 70 முதல் இப்படிப்பட்ட வரி மங்கிப்போய், பக்கத்தில் ஒரு தகவல் குறி தெரியும். மவுஸை அதன்மேல் வைத்தால், இந்த எலிமென்டுக்கு (பக்கத்தின் ஒரு பகுதி) பொசிஷன் கொடுக்கவில்லை, அதனால் இசட்-இண்டெக்ஸ் செல்லாது என்று காரணத்தையே சொல்லிவிடும். க்ரோமும் பிற்பாடு இதைக் கொண்டுவந்தது, ஆனால் எனக்குப் பழகிய இடம் ஃபயர்பாக்ஸ்தான்.

அப்புறம் ஃபயர்பாக்ஸின் கருவியில் எலிமென்டுக்குப் பக்கத்தில் தெரியும் 'ஸ்க்ரோல்' என்ற சிறு குறி. தமிழ்ப் பக்கம் செய்பவர்களுக்கு இது வரம், ஏனென்றால் 'பயன்படுத்திக்கொள்ளலாமென்று' மாதிரி ஒரு சொல் குறுகலான பெட்டிக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு உள்ளே இருப்பதையெல்லாம் பக்கவாட்டில் ஆட வைத்துவிடும். அந்தக் குறியைத் தட்டினால் எந்த எலிமென்ட் நீட்டுகிறது என்று காட்டிக்கொடுக்கும். நீண்ட சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும் ஓவர்ஃப்ளோ-ராப் ஒரு வரி, வேலை முடிந்தது.

ஸ்கிரிப்ட் (பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட்) என்று வந்துவிட்டால் நான் க்ரோம் கட்சி. பிரேக்பாயின்ட் (ஓடும் ஸ்கிரிப்டை ஒரு வரியில் நிறுத்துவது), நிபந்தனை போட்டு நிறுத்துவது, எலிமென்டின் கிளாஸை (தோற்றத்துக்காக வைக்கும் பெயர்) ஸ்கிரிப்டின் எந்த வரி மாற்றுகிறது என்று பிடிப்பது, இதெல்லாம் இரண்டிலுமே உண்டு, அதில் பெரிய சண்டை இல்லை. எனக்கு க்ரோமில் பிடித்தது லோக்கல் ஓவர்ரைட்ஸ், அதாவது தளத்தின் கோப்புக்குப் பதில் நம் கணினியில் உள்ள நகலை ஓடவைப்பது. ஒருமுறை ஒரு கடையின் தளத்தில் 'வாங்கு' பட்டன் வேலை செய்யவில்லை, சர்வர் கடவுச்சொல் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் நகலை என் கணினியில் வைத்து, திருத்தித் திருத்தி ரீலோட் செய்தே பிழையைக் கண்டுபிடித்தேன் (ஸ்கிரிப்ட் தேடிய எலிமென்டின் பெயரில், அதாவது ஐடியில், ஒரு எழுத்து பெரிய எழுத்து, அவ்வளவுதான்). க்ரோமை மூடித் திறந்தாலும் திருத்தம் அப்படியே இருக்கும். மற்றவர்களுக்குப் பழைய பக்கம்தான் தெரியும், அதனால் பயமில்லாமல் குடையலாம்.

இரண்டுமே கைவிடும் இடம் ஐபோன். க்ரோமின் மொபைல் பார்வை திரையின் அளவு போன்றவற்றைத்தான் மாற்றும், உள்ளே ஓடுவது க்ரோமின் என்ஜின்தான் (பக்கத்தை வரையும் நிரல்), ஐபோனின் சஃபாரியினுடையது அல்ல. உயரத்தை 100விஎச் (திரையின் முழு உயரம்) என்று கொடுத்தால் சஃபாரியின் முகவரிப் பட்டைக்கு அடியில் கீழ்ப் பட்டன் மறைந்துபோவது அதில் தெரியவே தெரியாது. அதைப் பார்க்க ஐபோன் செட்டிங்ஸில் வெப் இன்ஸ்பெக்டரை ஆன் செய்து, கேபிளில் மேக்கோடு இணைத்து, அங்கே சஃபாரியைத் திறக்க வேண்டும். மேக் இல்லையா? 100டிவிஎச் (முகவரிப் பட்டை போக மிஞ்சும் உயரம்) என்று மாற்றிவிட்டு, ஐபோன் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள், நான் பல நாள் அப்படித்தான் ஓட்டினேன்.