மாணவர் கையில் போன் இல்லாத வகுப்புக்கு எது சரி? கஹூட், குவிஸிஸ், கூகுள் ஃபார்ம்ஸ், பிளிக்கர்ஸ்: ஓர் அலசல்

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் போய்ப் பாடம் நடத்த வேண்டும். நான் இயற்பியல் படித்தவள். எனக்குக் கிடைத்திருப்பது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகள், தமிழ் வழி. பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது மிஸ்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். யாருக்கு உண்மையிலேயே புரிந்தது, யார் கூடச் சேர்ந்து சொன்னார்கள் என்பது அந்தக் குரலில் தெரியாது. கை தூக்கச் சொன்னாலோ முதல் இரண்டு வரிசைதான் தூக்கும். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பிள்ளையின் பதிலும் என்னிடம் வந்து சேர வேண்டும். நான் தேடியது அதற்கான கருவி.

என்னைப் போன்ற பயிற்சி மாணவர்கள் அதிகம் பேசிக்கொள்ளும் நான்கை எடுத்துக்கொண்டு, கல்லூரியில் சக தோழர்களையே மாணவர்களாக உட்காரவைத்து நடத்திப் பார்த்தேன். இதில் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. நம் அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் போன் கொண்டுவர அனுமதி இல்லை. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை ஆளுக்கொரு போனோ டேப்லெட்டோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பேச்சையே தொடங்குகின்றன.

கஹூட் நார்வேயிலிருந்து வந்தது. டிரான்ட்ஹைம் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆல்ஃப் இங்கே வாங் செய்த ஆய்விலிருந்து உருவாகி, 2013-ல் வெளியானது. கேள்வி பெரிய திரையில் வரும். மாணவரின் போனில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு கட்டங்கள் இருக்கும், சரியானதைத் தட்ட வேண்டும். சீக்கிரம் தட்டினால் கூடுதல் புள்ளி. பின்னணி இசை, ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு முன்னணிப் பட்டியல், முடிவில் முதல் மூவருக்கு மேடை. வகுப்பு களைகட்டுவதில் இதை அடிக்க வேறு கருவி இல்லை. தூங்கி வழியும் மதியப் பீரியட்டிலும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் இயற்பியலுக்கு வேகப் புள்ளி ஒத்துவராது. யோசித்து விடை சொல்கிற பிள்ளை பின்னால் போய்விடும், குருட்டாம்போக்கில் தட்டுகிறவன் மேலே வந்துவிடுவான். புள்ளியே இல்லாமல் கேள்வி வைக்க வழி உண்டு என்றாலும், கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தமிழ் வழி ஆசிரியருக்கு இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது. கேள்விக்கு 120 எழுத்து என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். கணினி உயிர்மெய்யின் கொம்பு, கால், மெய்யின் புள்ளி ஒவ்வொன்றையும் தனியாக எண்ணும். "ஒளிவிலகல்" நமக்கு ஆறு எழுத்து, அதற்கு ஒன்பது. சூழலை விளக்கிக் கேட்கும் இயற்பியல் கேள்வி பாதியிலேயே முட்டி நிற்கிறது. படத்தை இணைத்துச் சமாளிக்கலாம், கேள்விக்குக் கேள்வி அந்த வேலை கூடுகிறது.

குவிஸிஸ் நம் பக்கத்து ஊர்க்காரர்களுடையது. 2015-ல் பெங்களூருவில் அங்கித் குப்தாவும் தீபக் ஜாய் சீனாத்தும் தொடங்கியது. 2025-லிருந்து இதன் பெயர் வேகிரவுண்ட். ஆசிரியர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். இங்கே கேள்வியும் விடையும் மாணவரின் சொந்தத் திரையிலேயே வருவதால், அவரவர் வேகத்தில் போகலாம். நிதானமாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது கஹூட்டைவிட எவ்வளவோ மேல். பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து நடத்த ஏற்றது. ஆளுக்கொரு கணினி கிடைப்பது அரிது என்பதால் விடை ஜோடியின் விடையாகவே இருக்கும், தனிப் பிள்ளையின் விடையாக இராது. மற்றவர்கள் தயாரித்த வினாத் தொகுப்புகளும் இதில் ஏராளம். தமிழ்த் தொகுப்புகளை மட்டும் ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள். விசையும் அழுத்தமும் மாறிக் கிடக்கும் கேள்விகளைப் பார்த்திருக்கிறேன்.

கூகுள் ஃபார்ம்ஸை எல்லோருக்கும் தெரியும். வினாடி வினா அமைப்பில் வைத்தால் தானே திருத்திவிடும், மதிப்பெண் அட்டவணையாக வந்துவிடும். தமிழில் எவ்வளவு நீளமாகவும் கேட்கலாம், செலவு கிடையாது. வீட்டில் பெற்றோர் போனில் இரவு எட்டு மணிக்குச் செய்யும் பயிற்சிக்கு நல்லது. அண்ணனோ அக்காவோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது நடக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் அந்த நொடியில் நிலவரம் அறிய இது பயன்படாது.

என் வகுப்புக்கு நான் தேர்ந்தெடுத்திருப்பது பிளிக்கர்ஸ். அமெரிக்காவில் நோலன் எமி என்ற கணக்கு ஆசிரியர், மாணவர்களிடம் கருவி இல்லாத குறையைச் சமாளிக்க உருவாக்கியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அச்சிட்ட அட்டை, அதில் கியூஆர் போல ஒரு கறுப்பு வடிவம். அட்டையின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்துகள். தன் விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் மேல் மெல்ல ஓட்டினால், ஒவ்வோர் அட்டையின் விடையும் பதிவாகிவிடும். அட்டைக்கு அட்டை வடிவமும் எழுத்து இருக்கும் இடமும் மாறும். பக்கத்துப் பிள்ளை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்து அப்படியே பிடித்தால் வேறு விடை போய்விடக்கூடும். சாதாரணத் தொகுப்பில் 40 அட்டைகள், பெரிய வகுப்புக்கு 63 அட்டைகள் உள்ள தொகுப்பும் உண்டு. ஒரே ஒரு போன், அதுவும் ஆசிரியருடையது, போதும். திரை இல்லாவிட்டால் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் போடலாம்.

நான் நடத்திப் பார்த்த ஒரு கேள்வியைச் சொல்கிறேன். மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் மீது செயல்படும் விசை எது? ஏ: மேல்நோக்கிய விசை. பி: கீழ்நோக்கிய ஈர்ப்பு விசை. சி: விசை எதுவும் இல்லை. டி: மேலும் கீழும் சமமான விசைகள். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பட்டம் முடித்துவிட்டு வந்த எங்கள் கூட்டத்திலேயே சி அட்டைகள் கணிசமாக உயர்ந்தன. பந்தின் வேகம் அந்தக் கணத்தில் சுழி என்பதால் விசையும் சுழி என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. வாய்மொழியாகக் கேட்டிருந்தால் யாரோ ஒருவர் "ஈர்ப்பு விசை" என்பார், நானும் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்.

விடையை உடனே சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லி வாதாடச் சொன்னேன், பிறகு மறுபடி அட்டை தூக்கச் சொன்னேன். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து பின்பற்றிவரும் முறை இது. முதல் சுற்றில் சரியான விடை சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பிள்ளைகளையே பேசவிடலாம், அதற்குக் கீழே போனால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்பது அவர் வகுத்த வழி. அந்தச் சதவீதம் சில நொடிகளில் கையில் கிடைப்பதுதான் பிளிக்கர்ஸின் பெரிய பலம். கஹூட்டிலும் அந்த எண் கிடைக்கும், ஆனால் அதைப் பார்த்து நின்று பேச இசையும் மேடையும் விடுவதில்லை.

குறைகளும் உண்டு. இலவசக் கணக்கில் ஒரு தொகுப்பில் சேர்க்கும் கேள்விகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு பீரியடில் இப்படி மூன்று நான்கு கேள்விக்கு மேல் கேட்கவும் முடியாது என்பதால் எனக்கு அது இடிக்கவில்லை. பளபளப்பான லேமினேஷன் போட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டு கேமராவுக்கு அட்டை தெரியாது, அதனால் சார்ட் அட்டையில் ஒட்டுவதே மேல். விரல் கறுப்பு வடிவத்தை மறைக்காமல் ஓரத்தில் பிடிக்க முதல் நாளே பழக்கிவிட வேண்டும். நம் பாடப்புத்தகத்தில் விடைகள் அ, ஆ, இ, ஈ என்று வருவதால், கீழ் வகுப்புகளுக்கு அட்டையின் விளிம்பில் தமிழ் எழுத்தையும் எழுதிவிடலாம். குவிஸிஸிலும் இப்போது இதுபோல அட்டை முறை வந்திருக்கிறது. திரையில் வினாவை ஓட்ட ஒரு கணினியும் விடையைப் படிக்க ஒரு போனும் வேண்டும் என்பதால், ஸ்மார்ட் வகுப்பறை உள்ள பள்ளிக்கு அது பொருந்தும்.

எந்தக் கருவியை எடுத்தாலும் பிள்ளைகளின் முழுப்பெயரை ஏற்றாதீர்கள். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே வரையறுத்து, அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. பிளிக்கர்ஸில் மாணவருக்குக் கணக்கே தேவையில்லை. அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருக்கும்படி கொடுத்துவிட்டால், எண்ணை மட்டும் வைத்தே எல்லா வேலையும் நடக்கும்.

ஆளுக்கொரு டேப்லெட் தரும் பள்ளியில் வேலை கிடைத்தால் நான் குவிஸிஸுக்குத்தான் போவேன். அலகுத் தேர்வு முடிந்த வெள்ளிக்கிழமைக்கும் அறிவியல் மன்றத்துக்கும் கஹூட் இருக்கட்டும். இந்த 16 வாரத்துக்கு பிளிக்கர்ஸ், வாரம் ஒருமுறை ஹைடெக் லேபில் குவிஸிஸ் என்று பாடக்குறிப்பில் எழுதி வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன்.