விஷப் பவுடர் கொட்டிட்டா தண்ணி பைப்பா, வாக்குவமா, ஈர மண்ணா?

கும்பகோணம் பக்கம் ஒரு பூச்சிமருந்து ஹோல்சேல் குடோன்ல ஸ்டோர்ஸ் பாத்துக்கறேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஐப்பசி மழையில கார்டாப் 50 எஸ்பிங்கிற பூச்சிமருந்துப் பவுடர் பெட்டி ஒண்ணு அடியில ஈரம் ஏறி ஊறிப்போயிருந்துச்சு, லோடுமேன் தூக்கும்போது அடிப்பக்கம் பிரிஞ்சு நாலு அரைக்கிலோ பாக்கெட் தரையில விழுந்து ஒடஞ்சிருச்சு. மொத்தம் ரெண்டு கிலோ. "அண்ணே, பைப்ப இழுத்துட்டு வரட்டுமா?"ன்னு கேட்டாரு, நானும் யோசிக்காம சரின்னுட்டேன். பத்து நிமிஷத்துல தரை பளிச்சுன்னு ஆயிருச்சு. சாயங்காலம் பின்பக்கம் போய்ப் பாத்தா வாய்க்கால்ல கெண்டைக் குஞ்செல்லாம் வயித்தக் காட்டிக்கிட்டு மெதக்குது. கீழ கொஞ்ச தூரத்துல மாடு தண்ணி குடிக்கிற படித்துறை இருக்கு. அன்னிக்கி ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அதுக்கப்புறம்தான் மொதலாளிகிட்ட ஒக்காந்து பேசி, பவுடர் கொட்டினா என்ன செய்யணும்னு மூணு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தோம். தண்ணி விட்டுக் கழுவுறது, நைஸ் தூசியக்கூட புடிக்கிற ஹெப்பா பில்டர் வச்ச இண்டஸ்ட்ரியல் வாக்குவம் வாங்குறது, ஈர மண்ணு போட்டு அள்ளுறது. நாங்க எடுத்தது ஈர மண்ணு, நானும் அந்தப் பக்கம்தான், அத மொதல்லயே சொல்லிடறேன்.

காஞ்ச தரையில தொடப்பத்த வச்சு சரசரன்னு பெருக்குறத கணக்குலயே சேக்கல. கார்டாப்லயே 4ஜின்னு வர்ற குருணை மருந்து மாதிரின்னா மெதுவா கூட்டி அள்ளிடலாம், மாவு மாதிரி இருக்கிறத பெருக்கினா பாதி முறத்துக்கு வரும், பாதி மூக்குக்குப் போகும், அவ்ளோதான்.

தண்ணி விஷயத்துல நான் பண்ண தப்பு என்னன்னா பாக்கெட் மேல இருக்கிற ரெண்டு எழுத்தப் படிக்காதது. எஸ்பின்னாலே தண்ணியில கரையுற பவுடர். தரையில ஒரே எடத்துல கெடந்த ரெண்டு கிலோ விஷத்த நானே கரைச்சு கால் மொளைச்சு நடக்க விட்டுட்டேன். கார்டாப் மீனுக்கு ரொம்ப ஆகாதுன்னு லேபிள்லயே போட்டிருக்கு. அது போக தண்ணி பட்டாலே ஆபத்தான சரக்கும் குடோன்ல இருக்கும். நெல்லு குடோனுக்குப் போற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இருக்கே, 3 கிராம் மாத்திரை ஒண்ணு ஈரத்துல 1 கிராம் பாஸ்பீன்ங்கிற விஷ வாயுவ விடும், அதுல தண்ணிய ஊத்தினா வாயு மொத்தமா கெளம்பும், தானாவே பத்திக்கவும் செய்யும். கருப்பா இருக்கிற எலி மருந்து, ஜிங்க் பாஸ்பைடு, அதுவும் அதே ஜாதி.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் தண்ணிதான் வேணும், அது மனுஷனுக்கு. மேல பவுடர் பட்டா சட்டையக் கழட்டி, ஒட்டியிருக்கிறத தட்டிவிட்டு, ஓடுற தண்ணியில 20 நிமிஷமாவது கழுவணும். கண்ணுன்னாலும் அதே 20 நிமிஷம். இதுல மண்ணு, சோப்பு ஆராய்ச்சியெல்லாம் கூடாது, நேரா குழாய்க்கு ஓடணும், ஒருத்தர் 108க்கு அடிக்கணும், லேபிள கையோட ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போகணும்.

வாக்குவம் பாக்க ரொம்ப நல்லா இருக்கும், ஆசைப்பட்டு கொட்டேஷன்லாம் வாங்கினோம். வீட்டு வாக்குவம் பத்திப் பேச்சே இல்ல, அது முன்னாடி உறிஞ்சி பின்னாடி நைஸ் தூசியா துப்பும். ஹெச் கிளாஸ்னு சொல்ற மிஷின் 99.995 சதவீதம் புடிக்கும்னு ஐரோப்பிய ஸ்டாண்டர்டு இருக்கு, சுத்தம்னு பாத்தா இதுதான் மொத எடம், அத ஒத்துக்கறேன். ஆனா பில்டர் மாத்தும்போது அது புடிச்ச விஷம் மொத்தமும் நம்ம மொகத்துக்கு நேரா இருக்கும், அத மாத்த தெரிஞ்ச ஆளு வேணும், மாத்துபைய வாங்கி ஸ்டாக் வைக்கணும். இன்னொண்ணு கந்தகம். திராட்சைக்கும் மொளகாய்க்கும் அடிக்கிற சல்பர் பவுடர் எங்ககிட்ட எப்பவும் இருக்கும், அந்தத் தூசி காத்துல பறந்தா ஒரு பொறி போதும், சாதாரண மோட்டார் வச்ச வாக்குவத்தால அத உறிஞ்சக்கூடாது, பொறி வராத மாடல்தான் வேணும், அதுக்கு வெலை எங்கயோ போகுது. தெனம் பவுடர் நிரப்புற பார்முலேஷன் யூனிட்டா இருந்தா நானே வாக்குவம் வாங்குங்கன்னுதான் சொல்லுவேன். வருஷத்துக்கு நாலு தடவ பாக்கெட் ஒடையுற குடோனுக்கு அது மூலையில நின்னு வீணாப்போற சாமான். நான் அத ஓட்டிப் பாத்தது டெமோவுல ஒரு நாள்தான், அதனால இதுக்கு மேல அதப் பத்தி அடிச்சுப் பேச மாட்டேன்.

இப்ப மண்ணு. சலிச்ச மணல் ஒரு டிரம், மூடி போட்டு. தண்ணி எவ்ளோ தெளிக்கணும்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது, புட்டுக்கு மாவு பிசறுற பதம். கையில புடிச்சா உருண்டையா நிக்கணும், தட்டினா உதிரணும், பிழிஞ்சா ஒரு சொட்டு வரக்கூடாது. கொட்டின ஒடனே மொத வேலை ஃபேன ஆப் பண்றது, ஆளுங்கள வெளிய அனுப்புறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூணும் சேந்து போடுற அவசர கால கைடுல விஷத் திடப்பொருள் கொட்டினா சுத்தி 25 மீட்டராவது காலி பண்ணச் சொல்லுது, எங்க குடோன் நீளமே அவ்ளோதான், அதனால எல்லாரும் கேட்டுக்கு வெளியதான். அள்ளுற ரெண்டு பேர் மட்டும் நைட்ரைல் க்ளவுஸ், பூட்ஸ், கண்ணாடி, மாஸ்க் போட்டுக்கிட்டு காத்து முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நிக்கணும். மண்ண மேலருந்து கொட்டக்கூடாது, கொட்டினா பொஃப்னு பவுடர் கெளம்பும். ஓரத்துலருந்து ஆரம்பிச்சு, கோலமாவு தூவுற மாதிரி கைய தரைக்குக் கிட்ட வச்சு, உள்பக்கமா மூடிக்கிட்டே வரணும். அஞ்சு நிமிஷம் விடணும். மண்ணு கொஞ்சம் நெறம் மாறி பவுடர புடிச்சுக்கும், அப்புறம் மெதுவா கூட்டி பிளாஸ்டிக் முறத்துல அள்ளி, தடிமனான கவர் போட்ட டிரம்ல போடணும். இதயே ரெண்டாவது தடவையும் செய்யணும். கடைசியா ஈரத் துணி வச்சு தொடச்சு அந்தத் துணியும் டிரம்முக்குள்ள.

மண்ணுக்கும் எடம் பாத்துதான். பாஸ்பைடுக்கு ஈர மண்ணு கூடவே கூடாது, அதுக்குன்னு வெயில்ல காயப்போட்ட காஞ்ச மண்ணு தனி டிரம்ல, செவப்பு பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கோம், அள்ளினதயும் இறுக்கி மூடக்கூடாது, உள்ள வாயு சேந்துக்கும். பூண்டு நாத்தமோ அழுகின மீன் நாத்தமோ வந்தா அள்ளுற வேலையே வேணாம், கதவத் தொறந்து விட்டுட்டு வெளிய வந்துடணும், தூசி மாஸ்க் வாயுவ நிறுத்தாது. சில பேர் மணலுக்குப் பதிலா மரவாடிலருந்து மரத்தூள் வாங்கி வச்சுக்கறாங்க, பூச்சிமருந்துக்கு ஓகே, ஆனா டைக்ரோமேட், குளோரேட் மாதிரி தீய வளத்து விடுற சரக்கு வச்சிருக்கிறவங்க மரத்தூள கிட்டயே கொண்டுபோகக்கூடாது, அது பத்திக்கும்.

இவ்ளோ சொன்னாலும் என்னைய மண்ணு பக்கம் சாய வச்சது ஒரே ஒரு கணக்குதான், அள்ளினதுக்கு அப்புறம் கையில எவ்ளோ நிக்குதுங்கிறது. ரெண்டு கிலோ பவுடர் மேல மண்ணு போட்டா ஏழு எட்டு கிலோ கழிவு, ஒரு டிரம்ல அடங்கிடும், லேபிள் ஒட்டி வச்சு கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு கிடங்குக்கு அனுப்பலாம். அதே ரெண்டு கிலோவுக்கு அரை இன்ச் பைப்புல பத்து நிமிஷம் விட்டா எரநூறு லிட்டர். அத புடிச்சு வைக்க தொட்டி வேணும், எடுத்துட்டுப் போக டேங்கர் வேணும். இது ரெண்டும் இல்லாதவனுக்கு அந்த எரநூறு லிட்டர் எங்க போகும்னு எங்க வாய்க்கால் காட்டிருச்சு.

இந்தக் கணக்க பெருசாப் பாக்கணும்னா ஸ்விட்சர்லாந்து, பாசல் பக்கத்துல ஷ்வைட்சர்ஹாலே. 1986 நவம்பர் 1, நடுராத்திரி தாண்டி சாண்டோஸ் கம்பெனியோட குடோன்ல தீ. உள்ள 1,300 டன்னுக்கு மேல பூச்சிமருந்தும் மத்த கெமிக்கலும். தீயணைப்புக்காரங்க விடிய விடிய தண்ணி அடிச்சு தீய அணைச்சுட்டாங்க, அவங்க வேலையில குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அடிச்ச தண்ணிய நிறுத்தி வைக்க அங்க தொட்டி இல்ல. 10,000லருந்து 15,000 கன மீட்டர் தண்ணி, பாதரச மருந்தெல்லாம் சேத்து சுமார் 30 டன் விஷத்த இழுத்துக்கிட்டு ரைன் ஆத்துல எறங்கிருச்சு. குடோன்ல இருந்த சாயம் கலந்து ஆறே செவந்துபோச்சு. சுமார் 1,50,000 விலாங்கு மீன் செத்துச்சு, கீழ 400 கிலோமீட்டருக்கு. அதப் படிச்சப்ப எனக்கு எங்க கெண்டைக் குஞ்சுதான் ஞாபகம் வந்துச்சு.

தீன்னு வந்தா என் அனுபவம் கம்மி. ஒரு தடவ ஸ்விட்ச் போர்டுலருந்து அட்டைப்பெட்டி ஒண்ணு புடிச்சப்ப ஏபிசி பவுடர் தீயணைப்பு சிலிண்டர்ல அணைச்சிருக்கேன், அவ்ளோதான், பெரிய தீ நான் பாத்ததில்ல. அதுல ஏபிசி நல்லாவே வேலை செஞ்சுச்சு. சிஓடூ, அதாவது கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரும் வச்சிருக்கோம், போர்டுக்கு அது சரி, கொட்டிக் கெடக்குற பவுடர் பக்கத்துல அடிச்சா அந்த வேகத்துல பவுடர் எல்லாப் பக்கமும் பறக்கும். சேலத்துல வெள்ளிக் கொலுசுக்கு பிளேட்டிங் பண்றவங்க மாதிரி சயனைடு வச்சிருக்கிறவங்க சிஓடூவ நம்பக்கூடாது, ஈரத்தோட சேந்தா அதுலருந்து விஷ வாயு கெளம்பும். பெட்டி ரெண்டு மூணுக்கு மேல தீ தாவிருச்சுன்னா சிலிண்டரக் கீழ போட்டுட்டு ஓடிடணும், கார்டாப் எரியுற பொகையில கந்தக ஆக்ஸைடு, நைட்ரஜன் ஆக்ஸைடு, அமில ஆவி எல்லாம் இருக்கும், சரக்கு போனா போகுது. 101க்கு அடிச்சு, காத்து வர்ற பக்கம் நின்னுக்கிட்டு வண்டிக்கு வழி காட்டணும்.

2015 ஆகஸ்ட் 12ல சீனாவுல தியான்ஜின் துறைமுகத்துல கெமிக்கல் குடோன் தீப்பிடிச்சு வெடிச்சத மறக்க முடியல. சுமார் 700 டன் சோடியம் சயனைடு, அது போக அம்மோனியம் நைட்ரேட் வேற, 165 பேர் செத்தாங்க, 8 பேர் கெடைக்கவே இல்ல, அதுல பெரும்பங்கு தீயணைப்பு வீரருங்க. உள்ள என்ன சரக்கு இருக்குன்னு தெரியாம எந்த ஆளையும் நெருப்புப் பக்கம் அனுப்பக்கூடாது, அது நம்ம பொறுப்பு. அங்கயும் வெடிப்புக்கு அப்புறம் மண்ணக் கொட்டி சுத்தி அணை கட்டித்தான் சயனைடு தண்ணிய உள்ள நிறுத்துனாங்க.

அதப் பாத்துட்டு நாங்களும் வாசல் ரெண்டுலயும் வடிகால் வாயிலயும் மண்ணு மூட்டை அடுக்கி வச்சிருக்கோம், தீயணைப்பு வண்டி வந்தா மொத வேலை அத இழுத்து வடிகால அடைக்கிறது. தண்ணிய நேரா பீச்சாம பூத்தூறலா அடிக்கச் சொல்லி நம்மளே கேட்டுக்கணும்னும் எழுதி வச்சிருக்கோம். சரக்கு லிஸ்ட்ட மொதல்ல ஆபீஸ் ரூம் செவுத்துலதான் ஒட்டியிருந்தோம், எந்த வரிசையில என்ன இருக்கு, எதுக்கு தண்ணி ஆகாதுன்னு. பயர் ஸ்டேஷன்லருந்து பாக்க வந்தவரு அத நின்னு முழுசாப் படிச்சுட்டு, "தம்பி, உள்ள எரியும்போது இத யாரு வந்து படிக்கிறது?"ன்னு கேட்டாரு. அன்னிக்கே கழட்டி லேமினேட் பண்ணி வெளி கேட்ல மாட்டிட்டோம்.