பூச்சு உரிந்த முத்துமாலை: ஏழு வருடப் பாவனையில் கண்டது

கொழும்பில் 2018இல் வாங்கிய மாலை. 58 முத்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். கலியாணவீடு, கோயில், பள்ளிக்கூட விழா என்று கிளிநொச்சி வெயிலுக்கும் வியர்வைக்கும் பாராமல் போட்டேன். மூன்றாவது வருடம் பிடரிப் பக்கத்து முத்துகளில் துளையோரம் தோல் எழும்பத் தொடங்கியது. அவித்த முட்டையின் ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் சவ்வைப் போல மெல்லியது, நகம் பட்டால் சுருண்டு வரும்.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே சோதனையைத்தான் சொன்னார்கள். முன்பல்லில் மெல்ல உரசு, மெய்முத்து நறநறக்கும், போலி வழுக்கும். உரசினேன், வழுக்கியது. ஏமாந்துபோனாய் என்று தீர்த்துவிட்டார்கள். நானும் நம்பி ஒரு வருடம் மாலையைப் பெட்டியை விட்டு எடுக்கவில்லை. அந்த வருடத்தை நினைத்தால் இப்போதும் கவலைதான். மேலே என்ன கிடக்கிறதோ அதைத்தான் பல் உணரும். அடியில் உள்ளது அதற்குத் தெரியாது.

அடியில் இருந்ததைக் காட்டியது பத்தர் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ். முத்தின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, துளை வாயைத்தான் பார்த்தார். “இஞ்ச பாருங்கோ தங்கச்சி, மூண்டு வளையம் தெரியுதெல்லே?” தெரிந்தது. நடுவில் மங்கல் வெள்ளை மணி. வளர்ப்பு முத்துக்காகச் சிப்பிக்குள் வைக்கும் கரு அது, நன்னீர்ச் சிப்பி ஓட்டைக் கடைந்து செய்வது. அதைச் சுற்றி மெல்லிய கோடாக, சிப்பி தானே சுரந்த முத்துப்படலம். அதற்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு, ஓரம் கிழிந்தபடி. “முத்து மெய்தான். மேல உள்ளது மனுசர் பூசினது.” படலம் மெல்லிசாய், ஒளி குறைவாய் இருக்கும் வளர்ப்பு முத்துகளுக்கு இப்படிப் பூச்சுக் கொடுத்துப் பளபளப்பாக்குவதுண்டு. விற்றவர்கள் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒப்பிட அம்மம்மாவின் மூக்குத்தி முத்தையும் கொண்டுபோயிருந்தேன். மன்னார் முத்தென்று வீட்டில் வழிவழியாகச் சொல்வது. மன்னாரில் அரிப்பு என்ற ஊரில் கடல் அரித்துச் சரிந்து கிடக்கிறதே, முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்க பிரித்தானிய ஆளுநர் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை, அந்தக் கடற்பக்கத்துச் சாமான். அதன் துளைக்குள் கருவும் இல்லை, பூச்சும் இல்லை. வெங்காயத்தை வெட்டினாற்போல வளையத்துக்குள் வளையம். ஒரு தடவை அதைப் பார்த்தால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

மாலையோடு சோடியாக வந்த தோட்டில் இரண்டே அடுக்கு: கண்ணாடி மணி, அதன் மேல் பூச்சு. அப்படியானால் அந்தப் பூச்சுத்தான் முத்து. அதை உரித்தால் வெறும் மணிதான் மிஞ்சும், திருத்த வழியில்லை. பிளாஸ்ரிக் மணியாக இருந்தால், நகப்பூச்சை அகற்றும் அசிற்றோனில் மணியே இளகிப்போகும். ஆகவே துளையைப் பார்க்காமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

நான் முதலில் செய்தது பிழை. உரிந்த இடங்களில் நிறமில்லாத கியூடெக்ஸ் பூசினேன். மூன்று மாதத்தில் மஞ்சளித்து, பழைய பூச்சையும் பிய்த்துக்கொண்டு வந்தது. மாமி அன்பாய்த்தான் சொன்னா, “தேசிக்காய் விட்டுத் தேய் பிள்ளை, பளிச்செண்டு வரும்” என்று. நல்ல காலம், செய்யவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரால் கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படிகிறதே, அதுவும் முத்துப்படலமும் பெரும்பாலும் ஒரே பொருள், கல்சியம் காபனேற்று. கேத்தில் படிவைக் கரைக்கும் தேசிக்காய் முத்தை மட்டும் விட்டுவைக்குமா? பழப்புளி, வினாகிரி எல்லாவற்றுக்கும் இதுதான் கதை. வியர்வைக்கும் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு, அதனால்தான் பிடரிப் பக்கம் முதலில் போனது.

சரியாக வந்த வழி இது. நூலை அறுத்து முத்துகளைப் பிரித்தோம். கடைசி முத்து ஒன்றில் மட்டும், பஞ்சில் சொட்டு அசிற்றோன் தொட்டுத் துளையோரம் துடைத்துப் பார்த்தோம். பூச்சு கூழாகிப் பஞ்சில் வந்தது, அடியில் படலம் அசையவில்லை. பிறகு ஒவ்வொன்றாக, ஊறவைக்காமல், துடைத்தவுடன் ஈரத்துணியால் ஒற்றி. அடுப்பங்கரையில் இருந்து இதைச் செய்யக்கூடாது, சட்டென்று தீப்பற்றும். உரிந்தவற்றை மட்டும் துடைத்தால் நிறம் பேதமாய்த் தெரிந்தது, 58ஐயும் துடைத்தேன். இரண்டு பின்னேரம் போனது.

பழைய பளபளப்பு இப்போது இல்லை. வெளிறிய பால்மஞ்சள், அடங்கின ஒளி. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பல்லில் உரசினால் நறநறக்கிறது. நாலு முத்தில் துளையோரப் படலம் தேய்ந்து கரு தெரிகிறது. மேலே எதைப் பூசினாலும் அது திரும்ப வளராது. அவற்றைக் கொண்டைக்குக் கீழே வரும்படி கோர்த்தார் பத்தர், பட்டு நூலில், முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டு. முடிச்சு இருப்பதால் முத்தோடு முத்து உரசாது, நூல் அறுந்தாலும் ஒன்றுதான் விழும்.

உடுத்தி, பவுடரும் செண்டும் போட்டு முடித்தபிறகுதான் மாலை கழுத்துக்கு ஏறும். கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்துப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறேன். போன வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போட்டுப் போய் விடியும்வரை வியர்வையில் நின்றேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துத் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உரிய ஒன்றும் இல்லை, நூல்தான் ஊத்தையாகியிருந்தது.