பசளை மானியம்: தொகை பரவாயில்லை, வரும் நேரம்தான் பிழை

இலங்கையில் நெல்லுக்கான பசளை மானியம் இப்போது மூடையாக அல்ல, வங்கிக் கணக்கில் காசாக வருகிறது. 2024/25 காலபோகத்துக்கு (மாரிகால நெற்செய்கைக்கு) ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, உச்சம் 2 ஹெக்டேயர். ஏக்கருக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளத்துத் தண்ணி பாயும் மூன்றரை மாத நெல்லுக்குச் சிபாரிசு ஹெக்டேயருக்கு 225 கிலோ யூரியா. ஏக்கருக்கு இரண்டு அந்தரை (ஓர் அந்தர் 50 கிலோ அளவு) நெருங்கும். அதோடு ரிஎஸ்பி (பொசுபரசுப் பசளை) 55, எம்ஓபி (பொற்றாசியப் பசளை) 60 கிலோ.

கமநல சேவை நிலையப் பதிவும் விதைத்த பரப்பும் பொருந்தினால்தான் காசு. சிக்கல் பெரும்பாலும் பெயரில்: காணி பெர்மிட் தகப்பன் பெயரில் இருக்கும், வயல் செய்வது மகன். குத்தகைக்காரர் பாடு இன்னும் கஷ்டம். அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் எழுத்து வேறுபட்டாலும் இழுபடும்.

பெரிய குறை நேரம். யூரியா இரண்டாம், நாலாம், ஆறாம், ஏழாம் கிழமையளவில் விழவேண்டும். காசு பிந்தினால் கடையில் கடன் விலைக்கு எடுத்துப் போட்டாயிற்று. வந்த மானியம் கடைக்காரரிடம் போகும்.

இந்த மானியம் பயிரின் நாட்காட்டியைவிடத் தேர்தலின் நாட்காட்டிக்குத்தான் கூடுதலாகக் கீழ்ப்படிகிறது. 50 கிலோ மூடை 350 ரூபா என்பது 2005 ஜனாதிபதித் தேர்தல் வாக்குறுதி. உண்மை விலை மறைந்ததால் யூரியாவை அள்ளிப் போட்டார்கள். பயிர் சாய்ந்தது, கபிலநிறத் தத்தி என்ற பூச்சியும் பெருகியது. 2019 தேர்தல் இலவசப் பசளை என்றது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்கே தடை வந்தது.

தேர்தல் ஆண்டில் வரவுசெலவுப் பற்றாக்குறை வீங்குவது புதிய ஜனநாயகங்களில், அதுவும் முதல் சில தேர்தல்களில்தான் என்று பிரெண்டர், டிரேசன் என்ற பொருளியலாளர்கள் 2005இல் காட்டினார்கள். பழகிய வாக்காளர் கணக்குப் பார்ப்பாராம். இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931இலேயே வந்தது. வயதுக்கேற்ற புத்தி வரவில்லை போலும்: 2019 தேர்தல் முடிந்த கையோடு வற் என்ற பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8க்கு இறங்கியது, 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது.

ஆனாலும் மூடையைவிடக் காசே மேல். ஏக்கருக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும், எந்தப் பசளை வாங்குவதென்பதும் கமக்காரர் கையில். விதைப்புக்கு முன் காசு விழாவிட்டால், கடையில் கைக்காசு விலையையும் கடன் விலையையும் தனித்தனியே கேட்டு, முதல் தவணை யூரியாவை மட்டும் எடுப்பது நல்லது.